நெய்தல் நிலமும் நிழற்படப் பயணமும்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நானிலங்களும் ஒருநாட் பொழுதுக்குள் கண்டு முடிக்கத்தக்க அண்மையில் அமைந்த மாவட்டம் நம் குமரி மாவட்டம். காலையில் மலையடிவாரத்தில் புறப்படும் ஒருவர், தோப்புகளையும் குளங்களையும் வயல்களையும் கடந்து, நண்பகலுக்கு முன்னரே கடற்கரையை அடைந்துவிடலாம். இத்தகைய மண்ணில் வாழும் நம் மாணவர்களிடையே அண்மைக் காலமாக ஒரு விருப்பம் வளர்ந்து வருவதைக் காண்கிறேன். விடுமுறை நாட்களில் நண்பர்கள் நால்வர் ஐவராகக் கூடி, வண்டி எடுத்துக்கொண்டு, கடற்கரை வழியே படம் எடுத்தவாறு சென்றுவர வேண்டும் என்பதே அது.

ஒரு காலத்தில் நிழற்படக் கருவி என்பது வசதி படைத்தோர் வீட்டுப் பொருள். ஒரு பிலிம் சுருளில் 36 படங்களுக்கு மேல் எடுக்க இயலாது. அவற்றைக் கழுவி அச்சிடுவதற்கும் பணம் வேண்டும். இன்று கைபேசி வைத்திருப்போர் யாவரும் படக்கலைஞர்களே. ஒரு மாலைக்குள் 300 படங்கள் எடுக்கிறார்கள். வசதி பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், எங்குச் செல்வது, எப்போது செல்வது, எதை எடுப்பது, எடுத்த படத்தை என்ன செய்வது என்னும் நான்கு வினாக்களையும் எண்ணிப் பார்த்துத் திட்டமிட்டால்தான் அப்பயணம் பயனுடையதாக அமையும் என்பது என் கருத்து.

முதலில், எங்குச் செல்வது? படப் பயணம் என்றதும் பலரும் நாடுவது குமரிமுனை ஒன்றையே. 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை மண்டபம், 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலை, இவ்விரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் ஆகியவற்றைப் படம் பிடித்ததும் திரும்பிவிடுகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகச் செல்லும் பெருஞ்சாலை கடலைவிட்டு விலகி உள்நாட்டிலேயே ஓடுவதால், எஞ்சிய கரை அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. கிழக்கே வட்டக்கோட்டைப் பக்கமிருந்து மேற்கே நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு நம் கரை நீண்டு கிடக்கிறது. பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் காயல், சொத்தவிளை, சங்குத்துறை மணல்வெளிகள், முட்டத்துப் பாறைகளும் கலங்கரை விளக்கமும், 1741இல் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரர்களை வென்ற குளச்சல், குழித்துறை ஆறு கடலைச் சேரும் தேங்காய்ப்பட்டணம் என ஒவ்வோர் இடமும் தனி அழகும் தனி வரலாறும் உடையது. இவற்றை ஒரே நாளில் ஓடிக் கடப்பது பயணமாகாது. முனையிலிருந்து மணக்குடி வரை ஒருநாள், மணக்குடியிலிருந்து முட்டம் வரை ஒருநாள், குளச்சலிலிருந்து நீரோடி வரை ஒருநாள் என மூன்று நாட்களாகப் பகுத்துக்கொள்வது நலம்.

அடுத்து, எப்போது செல்வது? தை மாதத்தை ஒட்டிய நாட்களில் கதிரவன் தென்மேற்கே சாய்வதால், அவன் கடலுள் மறையும் காட்சி முனையருகே தெளிவாகக் கிட்டும். ஆனி மாதத்தில் வடமேற்கே சாய்வதால் கரையும் நிலமும் குறுக்கிடக்கூடும். மேலும் அது தென்மேற்குப் பருவமழையும் கடற்சீற்றமும் மிகுந்த காலம். மீன்பிடிப்பைப் படமாக்க விரும்புவோர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. மேற்குக் கடற்கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை. நம் மாவட்டம் இரண்டு கடற்கரைகளுக்கும் உரியதாகையால், சின்னமுட்டத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது குளச்சலில் கடலுக்குச் சென்றுகொண்டிருக்கும்; பின்னர் இந்நிலை மாறும். இதை அறியாமல் சென்றவர்கள் வெறும் துறைமுகத்தைக் கண்டு ஏமாந்து திரும்பியதுண்டு.

மூன்றாவது வினாவே முதன்மையானது. எதைப் படம் எடுப்பது? இதற்குத் தொல்காப்பியமே நமக்கு வழிகாட்டுகிறது எனலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் தொழிலும் பிறவும் கருப்பொருள். மக்களின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றினொன்று சிறந்து செல்வன என்பது நூலாரின் கருத்து. அவர் நெய்தலுக்கு வகுத்த சிறுபொழுது எற்பாடு. அதைக் கதிரவன் சாயும் வேளை எனக் கொள்வோர் உளர். இன்றைய படக்கலைஞர்கள் தேடி அலைவதும் அந்த வேளையின் ஒளியைத்தானே! ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றனர். வானமும் அலையும் செம்மஞ்சள் ஒளியும் இருக்கின்றன; மனிதன் இல்லை. இருப்பினும் அவன் முகமற்ற கரிய நிழலாக மட்டுமே நிற்கிறான்.

திரைப்படமும் இதற்கு ஒரு காரணம். 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) ஆகிய படங்கள் முட்டத்தின் பாறைகளைத் தமிழகமெங்கும் அறியச் செய்தன. அதனால் ஊருக்குப் பெயர் கிடைத்தது உண்மை. ஆயினும், காதலர்கள் பாடுவதற்கேற்ற பின்புலம் கடற்கரை என்னும் எண்ணமும் உடன் வளர்ந்துவிட்டது. இதற்கு மாறாக, தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் அவர்கள் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் நமக்குக் காட்டியது கடற்கரை அழகையன்று. அங்கு வாழ்ந்த மனிதர்களையும் அவர்கள்தம் அச்சங்களையும் பேச்சையுமே. எழுத்தில் அவர் செய்ததைப் படத்தில் நம் மாணவர்கள் செய்ய முடியாதா?

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது ஏட்டில் மட்டும் உள்ளதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, மணக்குடியில் பாலம் தகர்ந்தது. கீழமணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல் முதலிய ஊர்கள் பல உயிர்களைப் பறிகொடுத்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் மீனவர் பலர் திரும்பவேயில்லை. பேரலை வீடுகளை அள்ளிச் சென்றபோது, சுவரில் தொங்கிய படங்களும் பெட்டியில் இருந்த படங்களும் உடன் சென்றன. இறந்தவரின் முகத்தைப் பார்க்க ஒரு படமும் எஞ்சாத குடும்பங்களுக்கு, ஒரு நிழற்படம் என்பது பொழுதுபோக்கா என்ன?

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூற விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்கள் சிலரோடு ஒரு கடற்கரை ஊருக்குச் சென்றிருந்தேன். கரமடி இழுத்துக் களைத்து அமர்ந்திருந்த முதியவர் ஒருவரைச் சூழ்ந்துநின்று, கேட்காமலேயே படம் எடுத்தார்கள். அவர் சினம் கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே, "எத்தனையோ பேரு வந்து படம் எடுத்துட்டுப் போறாவ மக்களே. ஒருத்தராவது ஒரு படத்த எங்க கையில கொண்டு தந்தது உண்டா?" என்றார். எங்களில் எவருக்கும் விடை கூற வாய் எழவில்லை. படத்தை அனுப்புவதாகக் கூறிவந்தோம். முகவரி கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பது ஊர் திரும்பிய பின்னரே நினைவுக்கு வந்தது. அந்தக் குற்றவுணர்வே இக்கட்டுரைக்குக் காரணம்.

இது நம் கரைக்கு மட்டும் உரிய குறையன்று. 1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டொரத்தியா லாங் என்பவர் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' என்னும் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால், அதில் வறுமையின் வடிவமாகக் காட்சியளித்த புளோரன்சு ஓவன்சு தாம்சன் என்னும் பெண்மணியின் பெயர் 1978 வரை வெளியுலகம் அறியாதது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு பயனும் இல்லை என்று அவர் பின்னாளில் மனம் வருந்தினார். உலகம் அறிந்த முகத்திற்கே இந்நிலை என்றால், நம் கரையில் பெயரின்றிப் படமாகும் முகங்களைப் பற்றி என்ன சொல்ல!

ஆகவே நான்காவது வினாவுக்கு என் விடை இதுவே: ஒவ்வொரு படப் பயணத்தையும் இரண்டு பயணங்களாகத் திட்டமிடுங்கள். முதற்பயணம் எடுப்பதற்கு; இரண்டாம் பயணம் கொடுப்பதற்கு. கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்திற்குள் அச்சிட்ட படத்தோடு அந்தக் கரைக்குத் திரும்புங்கள். பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும் கோயிலாயினும் பொறுப்பாளரிடம் ஒப்புதல் பெறுங்கள். மணவாளக்குறிச்சி மணல் ஆலை, துறைமுகங்கள் போன்ற இடங்களில் தடைப் பலகைகளை மதித்து நடங்கள்.

இரண்டாம் முறை செல்லும்போது இன்னொரு பணியும் செய்யலாம். முதல்முறை நின்ற அதே இடத்தில் நின்று அதே காட்சியை மீண்டும் எடுங்கள். 1870களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் எடுக்கப்பட்ட நிலக்காட்சிப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, 1977 முதல் 1979 வரை ஒரு குழுவினர் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களை மீண்டும் படமெடுத்தனர். நூறாண்டு மாற்றம் அதனால் கண்கூடாயிற்று. நம் கரையில் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. கடல் அரிக்கிறது, கருங்கல் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் எழுகின்றன, ஓரிடத்தில் மணல் சேர, வேறிடத்தில் கரை தேய்கிறது. இவற்றுக்குச் சான்று வேண்டும்போது, நாளும் நேரமும் குறித்த ஒரு படம் பல விண்ணப்பங்களைவிட வலியதாக இருக்கும்.

இப்பணியைத் தமிழ்த் துறைகள் ஏற்கலாம் என்பது என் வேண்டுகோள். வட்டக்கோட்டை முதல் நீரோடி வரை பத்து இடங்களைத் தேர்ந்து, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் படமெடுத்து, படத்தொகுப்பு ஒன்று துறையில் பேணலாம். படத்தின் கீழே, வலைக்கும் படகுக்கும் காற்றுக்கும் கடற்கரை மக்கள் வழங்கும் சொற்களையும் எழுதிவைக்கலாம். கொண்டல், வாடை, கச்சான் என்று அவர்கள் காற்றுக்குப் பெயர் சொல்வதைக் கேட்பதே ஒரு தமிழ்ப் பாடமன்றோ!

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு சொல். இத்தகைய பயணங்களில் மாணவியரும் பங்குகொள்ள வழிவிடுங்கள். மீன் விற்கும் தாய்மார்களும் வீட்டுத் திண்ணையில் தொழில் செய்யும் பெண்களும் ஆண் மாணவர்முன் தயங்கி விலகுவர்; நம் பெண்பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுவர். ஆசிரியைகள் உடன்வர, பகற்பொழுதில், முன்கூட்டி ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிவித்துச் செல்லும் பயணத்தில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பாதிக் கரையைப் பாராமல் எடுத்த படம் முழுமையான படமாகாது.

மாணவச் செல்வங்களே! கடல் நாளையும் இருக்கும். கதிரவனும் நாளை எழுவான். அந்த முதியவர் அவ்விடத்தில் இருப்பாரா என்பது தெரியாது. அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, பையில் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் பக்கத்தில் முகவரிகளை எழுதுங்கள்.