எண்ணெயும் மூப்பும்

எண்ணெய் என்னுஞ் சொல் முதற்கண் எள்ளின் நெய்யையே குறித்தது. பின்னரே தேங்காய், ஆமணக்கு முதலியவற்றின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்னும் பழமொழி நம்மவர் அதன்கண் வைத்த நம்பிக்கையைக் காட்டும். அந்நம்பிக்கையையே முதலாக வைத்து இக்காலத்தார் சிலர் நடத்தும் வாணிகத்தைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

என் பாட்டியார் 74 வயதினர். முகச்சுருக்கம் 40 நாளில் மாறும் என்னும் விளம்பரத்தை நம்பி, சென்ற கோடையில் மூலிகைத் தைலமொன்றை ஓய்வூதியப் பணத்தில் வாங்கினார். நாட்கள் கழிந்தன. தோலின் வறட்சியும் அரிப்புந் தணிந்தன. சுருக்கம் ஒன்றேனும் மறைந்திலது. "எனக்குக் கொடுத்துவைத்தது இவ்வளவுதான், ஐயா" என்றார். பொய்த்தது விளம்பரமாக, குறையைத் தம்மேல் ஏற்றிக்கொண்டாரே என்பதுதான் என்னை வருத்திற்று.

உண்மை யாது? மூப்பில் தோலின் நெய்ச்சுரப்பு குறைகின்றது. மேற்றோல் நீரைக் காக்கமாட்டாது வறள்கின்றது. எண்ணெய் மெல்லிய படலமாய் நின்று அந்நீர் ஆவியாகாவண்ணம் தடுக்கும். அதனால் வறட்சியாலாய நுண்வரைகள் மங்கும். ஆழ்ந்த சுருக்கமோ, ஆண்டுக்கணக்கிற் பட்ட வெயிலாலும் உட்டோலின் கொலாஜன் நார்கள் சிதைதலாலும் வருவது. மேலே பூசிய எண்ணெய் அதனை மீட்டுத் தாராது.

இயற்கைப் பொருள் யாவுந் தீங்கற்றவை என்பதும் பிழையே. ஒலிவ எண்ணெய் தோலின் காப்பைத் தளர்த்துகின்றது எனவும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்வதில்லை எனவும் 2013-இல் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சியொன்று கண்டது. கார்போகரிசியிலுள்ள பாகுச்சியோல் என்னும் பொருள் சுருக்கத்தை ஓரளவு குறைத்ததாகச் சிற்சில ஆராய்ச்சிகள் கூறுகின்றன, மெய்யே. ஆயின் அவ்வித்திலேயே உள்ள சோரலென், வெயில் பட்டவிடத்துத் தோலைக் கொப்புளிக்கச் செய்யவல்லது. வித்தை அரைத்து எண்ணெயிற் காய்ச்சிப் பூசிக்கொண்டு நண்பகலில் கடைக்குப் புறப்படுவார் நிலையை எண்ணுக!

நம் வழக்கத்திலும் எனக்கொரு குறை தோன்றுகின்றது. நீராடுமுன் எண்ணெய் தேய்த்து, அதனைச் சிகைக்காயால் முற்றுங் கழுவிவிடுகின்றோம். முதியோர்க்கு, குளித்த ஈரம் புலருமுன் சிறிது தடவுதலே மிகு பயன் தரும். (உள்ளங்காலில் மட்டும் வேண்டா, வழுக்கி விழுந்தால் எத்தைலமும் உதவாது.)

அத்தைலக் குப்பியின் பின்புறத்துச் சிற்றெழுத்தை ஒருநாள் படித்துப் பார்த்தேன். முதலிற் குறித்திருந்த சரக்கு நல்லெண்ணெய். இப்பொழுது அதே குப்பியில் செக்கு நல்லெண்ணெயை வார்த்துப் பாட்டியார்க்குக் கொடுத்து வருகின்றேன்.