சிறு நாடு, பெரும் அழைப்பு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது பலாபத்வல. மாலை வேளையிலே அங்கு பந்துதைக்கும் சிறுவரைக் காணுந்தோறும், மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் பத்துத் தீவுகளாய் விளங்கும் கேப் வேர்டே நாடு நம் நினைவில் எழுகின்றது.

அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 5 இலட்சம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் மாத்தளை மாவட்டத்தினரும் ஏறக்குறைய அத்தொகையினரே! 1975இல் போர்த்துக்கேயரிடமிருந்து விடுதலை பெற்ற அச்சிறு நாட்டின் உதைபந்தாட்டக் குழு, 2025 ஒக்டோபர் 13ஆந் திகதி, தலைநகர் பிரையாவில் எஸ்வத்தினியை 3–0 என வென்று, 2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

இஃது எங்ஙனம் இயன்றது? வறட்சியும் பஞ்சமும் அத்தீவினர் பலரைப் பிறநாடுகளுக்குத் துரத்தின. அவ்வாறு சென்றோரின் பிள்ளைகளையும் குழுவினர் தேடி அழைத்தனர். அயர்லாந்திலே பிறந்த றொபேட்டோ லோப்பஸுக்குப் பயிற்சியாளர் போர்த்துக்கேய மொழியில் இணையவழி மடல் விடுத்தார். அதனைப் பொருட்படுத்தாது மாதக்கணக்கில் வாளாவிருந்த லோப்பஸ், ஆங்கிலத்தில் மறுமடல் வந்த பின்னரே விவரம் அறிந்தார்; தந்தையின் நாட்டுக்காக ஆட மகிழ்ந்து இசைந்தார்.

இலங்கைக் குழுவும் அண்மைக் காலத்தில் வெளிநாட்டிற் பிறந்த நம்மவரைச் சேர்த்து வருகின்றது. நம் இல்லங்களிலும் கடல் கடந்து சென்ற உறவினர் உளர். அவர்தம் பிள்ளைகள் நம்மை மறந்தனர் என வருந்துகின்றோம். அவர்கட்கு விளங்கும் மொழியில் ஒருமுறையேனும் அழைத்தோமா?

மாணவச் செல்வங்களே, சிறிய ஊரினர் என்று உளந்தளர வேண்டா. பந்தை உதையுங்கள், தொலைவிலுள்ள உடன்பிறப்புக்கு இன்றே ஒரு மடலும் எழுதுங்கள்.