மொட்டை டயரும் மியூ மதிப்பும்

"உராய்வு ஒரு தேவையான தீமை. விளக்குக." பள்ளியிலிருந்து இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வரைக்கும் இந்தக் கேள்வி நம்மைத் துரத்துகிறது. நாமும் சலிக்காமல் எழுதுகிறோம்: நடக்க உதவும், ஆனால் இயந்திரம் தேயும், சூடாகும், ஆகவே எண்ணெய் போட வேண்டும். ரெண்டு மார்க் வாங்கியாச்சு. அப்புறம் பட்டன் முழுசா தேய்ந்துபோன டயரோடு, கொட்டுகிற மழையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறோம்.

நேராகவே சொல்கிறேன். கேட்டில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். டயரை ஏன் ஒருத்தரும் பார்ப்பதில்லை? ஹெல்மெட்டுக்கு வேலை வருவது நீங்க கீழே விழுந்த பிறகு. அதுக்கு முன்னாடி உங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கை அகலம்கூட வராத ரெண்டு ரப்பர் திட்டுகள் மட்டும்தான்.

நமக்குத் தெரிந்த கணக்கையே போட்டுப் பார்ப்போம். பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஆகும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 2 மியூ ஜி-யால் வகுத்தால் வருவது. 60 கிமீ வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். காய்ந்த தார் ரோட்டுக்கு மியூ 0.7 என்று வைத்தால் 20 மீட்டரில் நிற்கலாம். நனைந்த ரோட்டுக்கு 0.4 என்றால் 35 மீட்டர். மொட்டை டயரும் தண்ணீரும் சேர்ந்து 0.2-க்கு இறங்கிவிட்டால் 70 மீட்டருக்கு மேல். அதாவது நம்ம காலேஜ் பஸ் ஆறை வரிசையாக நிறுத்தின நீளம். எதிரே மாடு வருவதைப் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு நொடியில் ஓடும் 16 மீட்டரை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இங்கே ஒரு புத்திசாலி எழுந்து, "சமன்பாட்டில் நிறை கேன்சல் ஆயிடுதே, அப்போ ட்ரிபிள்ஸ் போனாலும் அதே தூரம்தானே?" என்பார். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே அது ஓரளவு சரி. ஆனால் உங்க வண்டியின் ட்ரம் பிரேக்கும் ஒரு உராய்வுதான். லீவரை நீங்க எவ்வளவு அழுத்துகிறீர்களோ அந்த அளவுக்குத்தான் அது பிடிக்கும். பின்னால் ரெண்டு பேர் உட்கார்ந்ததற்காக அது கூடுதலாகப் பிடிக்கப்போவதில்லை.

இன்னொரு கதை ஹாஸ்டலில் அடிக்கடி ஓடும்: "ரேஸ் பைக்குல மொட்டை டயர்தானே போடுறாங்க, அது இன்னும் நல்லா பிடிக்கும் மச்சி." பாதி உண்மை. அது மிருதுவான ரப்பர், சூடேற்றியபின் ஓட்டுவது, காய்ந்த டிராக்கில் மட்டும். மழை வந்தால் அவர்களே பள்ளம் வெட்டிய டயருக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பள்ளங்கள் இருப்பதே ரப்பருக்கு அடியில் மாட்டும் தண்ணீரை வெளியே தள்ளத்தான். தண்ணீர் வெளியேறாவிட்டால் ரப்பர் ரோட்டைத் தொடாது, தண்ணீர் மேல் சறுக்கும். வெயிலில் கல்லாக இறுகிப்போன நம்ம பழைய டயருக்கும் ரேஸ் டயருக்கும் பொதுவாக இருப்பது அந்த வழவழப்பு மட்டும்தான்.

மழையின் முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம். பல நாளாக ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து நிற்கும் நேரம் அது. ஜீப்ரா கோடு, பாதாளச் சாக்கடை மூடி, வளைவில் கிடக்கும் மணல், எதிலும் அந்த 0.4-ஐ எதிர்பார்க்காதீங்க.

முன் பிரேக் விஷயத்துக்கும் வந்துவிடுகிறேன். "முன் பிரேக் பிடிக்காத, குப்புறத் தூக்கிரும்" என்று சொல்லித்தான் நம்மில் பலருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது, பின் சக்கரம் லேசாகிறது. உராய்வு செங்குத்து விசையைப் பொறுத்தது என்று எழுதியவர்கள்தானே நாம்? பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகிவிடும். ரெண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் சக்கரம் லாக் ஆகி நழுவ ஆரம்பிக்கும், நிலை உராய்வு போய் அதைவிடக் குறைந்த நழுவு உராய்வு வரும், வண்டி படுத்துவிடும்.

125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது இதற்காகத்தான். அதுவும் இருக்கிற உராய்வை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, இல்லாத உராய்வைக் கொண்டுவராது. மொட்டை டயருக்கு ஏபிஎஸ் மருந்தில்லை.

காசு இல்லை என்பது உண்மையான காரணம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, மாசக் கடைசி, எல்லாம் புரிகிறது. டயர் மாற்ற ரெண்டு மாசம் ஆகுமென்றால் அதுவரை மழையில் 40-ஐத் தாண்டாதீங்க. நனைந்த ரோட்டில் அந்த 35 மீட்டர் 16 மீட்டராகக் குறையும். வர்க்கம் நமக்குச் சாதகமாக வேலை செய்யும் ஒரே இடம், செலவும் இல்லை.

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு குட்டி மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மெக்கானிக்கல் அசோசியேஷன்காரர்கள் ஒரு சனிக்கிழமை பார்க்கிங் ஷெட்டில் இறங்கினால் மொத்த வண்டியையும் பார்த்துவிடலாம். ஃபைன் வேண்டாம், பேர் எழுதி ஒட்ட வேண்டாம். மேட்டைத் தொட்ட டயரில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போங்க.