இடாப்பிற்கு அஞ்சலாமா?

வாக்காளர் இடாப்பு என்ற சொல் நம்மவர் பலருக்கு இன்றும் நடுக்கம் தருவது. 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளை அடையாளங்காண வன்முறைக் கும்பல்கள் ஏந்தி வந்தவை அவ்விடாப்புகளே. ஆதலால் பாபகூராவில் வாழும் நம்மவருட் சிலர் பெயர் பதியத் தயங்குவதை நாம் குறைகூற மாட்டோம்.

ஆயினும் இந்நாட்டுச் சட்டத்தை அறிதல் வேண்டும். பிரசாவுரிமை அல்லது வதிவிட உரிமை பெற்று, தொடர்ந்து 12 மாதங்களேனும் இங்கு வாழ்ந்த, 18 வயது நிரம்பியோர் பதிவது கடமை, வாக்களிப்பது உரிமை. பெயரும் முகவரியும் வெளிப்படுவதால் தமக்கு ஆபத்து நேருமென அஞ்சுவோர், உரிய ஆதாரத்துடன் தேர்தல் ஆணைக்குழுவிற்கு விண்ணப்பித்து, வெளியிடப்படாத இடாப்பிற் சேரலாம். அதனைப் பொதுமக்கள் பார்வையிட இயலாது.

அவ்விடாப்பிலுள்ளோர் அளிப்பது சிறப்பு வாக்கு. வாக்களிப்பு நிலையத்தில் அதனைக் கேட்டுப் பெற்று, உறுதிமொழிப் படிவத்தையும் நிரப்பி ஒப்பமிடல் வேண்டும். தொகுதிக்கு வெளியே நிற்போர்க்கும், நோயினால் நிலையத்திற்குச் செல்ல இயலாதோர்க்கும் இவ்வழி உண்டு.

சிறப்பு வாக்குகள் பின்னரே எண்ணப்படுவதால் அவை பயனற்றவை எனக் கருதலாகாது. 2023 தேர்தல் இரவில் 50 ஆசனங்கள் பெற்றிருந்த தேசியக் கட்சி, அவ்வாக்குகளும் சேர்ந்தபின் 48 ஆசனங்களுக்கு இறங்கிற்று.

எனவே கடைசி வாரம்வரை காத்திராது இப்போதே பதிவோம். அன்று இடாப்பிலிருந்த பெயர் நம் வீட்டைக் காட்டிக்கொடுத்தது. இன்று இடாப்பில் இல்லாத பெயர், நம் பிள்ளைகளின் பள்ளியையும் மருத்துவத்தையும் பற்றிய முடிவைப் பிறரிடம் விட்டுவிடுகின்றது.