கருத்த நகம் விழுப்புண் அன்று

நெடுந்தொலைவு ஓடுவோர் கூடும் இடங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. போட்டி முடிந்த மறுநாள் கருத்துப்போன கால்நகத்தைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது. பதக்கத்தோடு இதுவும் கிடைத்தது என்று பெருமிதம் கொள்வது. கண்டவர்கள் கைதட்டி, இப்போதுதான் நீ ஓட்டக்காரன் என்று பட்டம் சூட்டுவது. நகம் இழக்காதவன் முழுமையாக ஓடவில்லை என்ற எண்ணம் இப்படித்தான் புதியவர்களுக்குள் இறங்குகிறது. இந்த வழக்கத்தை நாம் மறுக்கிறோம். இதில் வீரமும் இல்லை, தவிர்க்கவியலாத விதியும் இல்லை.

பழந்தமிழர் புண்ணை வகைபிரித்தவர்கள். மார்பிலும் முகத்திலும் ஏற்றது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். ஆக, புண் என்பதாலேயே எதுவும் பெருமையாகிவிடவில்லை. அது எங்கே, எதனால் நேர்ந்தது என்ற கேள்வி இருந்தது. அக்கேள்வியை ஓட்டக்காரரின் கால்நகத்திடமும் கேட்போம்.

விரல்நுனி காலணியின் முன்சுவரில் மோதுகிறது. ஒரு மோதல் ஒன்றும் செய்யாது. ஆனால் மராத்தானின் 42.195 கிலோமீட்டரில், நம்மில் பெரும்பாலோருக்கு ஒவ்வொரு காலும் 15,000 முறைக்கு மேல் தரையில் இறங்குகிறது. நேரம் செல்லச் செல்லப் பாதம் வீங்குகிறது. இறக்கத்தில் ஓடும்போது கால் முன்னோக்கிச் சரிகிறது. நகத்தின் கீழுள்ள நுண்ணிய குழாய்கள் உடைந்து, வெளியேற வழியில்லாத இரத்தம் அங்கேயே உறைகிறது. அதுதான் அந்தக் கருமை. எதிரி யார்? தூரம் அன்று, வேகமும் அன்று. பெரும்பாலும் பொருந்தாத ஒரு காலணி.

பொருந்தாமைக்குக் காரணம் ஓடுபவரின் அசட்டை மட்டுமே என்றும் சொல்வதற்கில்லை. நம் கடைகளில் நெடுங்காலமாகப் புழங்குவது ஆங்கிலேயர் அளவுமுறை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகன்றது என்பது அதன் முடிவு. அகலம் போதாமல் நாம் என்ன செய்கிறோம்? ஓர் அளவு நீளமான காலணியை வாங்குகிறோம். அகலம் ஒருவாறு சரியாகிறது, நீளம் மிகுந்துவிடுகிறது. குதிகால் நிற்காமல் பாதம் முன்னும் பின்னும் வழுக்க, விரல் போய் மோதுகிறது. இந்தியருக்கென்று அந்நிறுவனம் பரிந்துரைத்த அளவுமுறைக்கு, பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்டு ‘பா’ என்று பெயர். யாப்பு அறிந்த நம் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை: அடி ஓர் அளவிலும் அதைத் தாங்குவது வேறோர் அளவிலும் இருந்தால் தளை தட்டத்தான் செய்யும்.

இங்கே மறுதரப்பார் குறுக்கிடுவார்கள். ‘காலணியே வேண்டாம், முன்னோர் வெறுங்காலோடுதானே நடந்தார்கள்?’ என்பார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலாவைச் சான்றாகக் காட்டுவார்கள். 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் அவர் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றது உண்மை. ஆனால், அவருக்குக் கிடைத்த காலணி காலுக்கு ஒத்துவரவில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். 1964இல் டோக்கியோவில் அதே பிக்கிலா காலணி அணிந்து ஓடினார். மூன்று நிமிடங்களுக்கு மேல் குறைத்து, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார். 2009இல் வெளிவந்த ‘பார்ன் டு ரன்’ நூலால் புகழ்பெற்ற மெக்சிகோவின் தாராஹுமாரா மக்களும் வெறுங்காலர்கள் அல்லர். பழைய டயரை அறுத்துச் செய்த செருப்பணிந்து ஓடுகிறவர்கள். சிறுவயது முதல் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் ஓடட்டும். முப்பதாண்டுகள் நாற்காலியில் அமர்ந்துவிட்டு ஒரே வாரத்தில் காலணியைத் துறப்பவர், நகத்தைக் காத்துப் பாதத்து எலும்பை முறித்துக்கொள்வார்.

நகம் போனால் வளரும், இதற்கேன் இத்தனை ஆவேசம் என்று கேட்கலாம். வளரும்தான், பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். நம் கவலை வேறு. 2023இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடிப் பேர் என்று கணித்தது. சர்க்கரையைக் குறைக்க ஓடுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டு மைதானத்துக்கு வருபவர் பலர். அவர்களுள் சிலருக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். கொப்புளம் உடைந்ததும் தெரியாது, நகம் கழன்றதும் தெரியாது. ஆறாத சிறு புண்ணிலிருந்து விரலை எடுக்கும் நிலைவரை செல்லும் பாதை நம் ஊர் மருத்துவமனைகள் நன்கறிந்தது. அத்தகைய ஒருவரிடம் ‘வலியைப் பொருட்படுத்தாதே’ என்று முழங்குவதும், கருத்த நகத்துக்குக் கைதட்டுவதும் பொறுப்பற்ற செயல்கள் என்றே சொல்வோம்.

கருமை எல்லாம் அடிபட்டதால் வந்தது என்று நம்புவதும் ஆபத்து. பாப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழிருந்த புண் முதலில் கால்பந்தாட்டக் காயம் என்றே கருதப்பட்டது. 1977இல் அது தோல் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டது. 1981இல், 36ஆம் வயதில், அவர் மறைந்தார். அடிபட்ட கருமை நகம் வளர வளர முன்னே நகர்ந்து வெளியேறும். நகராத கருமை, நீளவாட்டில் அகன்றுவரும் கோடு, நகத்தையொட்டிய தோலுக்கும் பரவும் கறை ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது.

தவிர்க்கும் வழிகள் எளியவை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் காலுறையோடு சென்று காலணி வாங்குக. எழுந்து நின்று, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கிறதா என்று பார்க்க. உள்ளிருக்கும் மெத்தைத்தாளை வெளியே எடுத்து அதன்மேல் நிற்க. பாதம் இருபுறமும் பிதுங்கினால் அக்காலணி உமக்குரியதன்று. நாடாவைக் கடைசித் துளைவரை கோத்துக் கணுக்காலருகே இறுக்கினால் பாதம் முன்னே சரியாது. நகத்தை நேராக வெட்டுக. ஓரங்களைக் குடைந்தால் நகம் சதைக்குள் வளரும், சீழ் கட்டும். வியர்வையைத் தேக்கும் பருத்திக் காலுறையை நெடுந்தூரத்துக்குத் தவிர்க்க. ஓடி முடித்ததும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தாவிடில், நம் புழுக்கத்தில் சேற்றுப்புண்ணும் நகச்சொத்தையும் தேடி வரும். நகம் கருத்தபின் பிய்த்தெடுக்கவோ, ஊசியைச் சுடவைத்துக் குத்தவோ வேண்டாம். அழுத்தம் தாளாவிடில் மருத்துவர் முறையாகத் துளையிட்டு இரத்தத்தை வடிப்பார்.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த காலணி தேவையில்லை. அளவான காலணியே தேவை. குழுக்களை நடத்தும் அன்பர்கள் புதியவரிடம் இலக்கு நேரத்தைக் கேட்குமுன் அவர் காலணியைக் கழற்றச் சொல்லி விரல்களைப் பார்க்கட்டும். காலணி விற்போர் நீளத்தோடு அகலத்தையும் அளந்து விற்கட்டும். கருத்த நகத்தைப் படமெடுத்து அனுப்பியே தீருவேன் என்பவர், பக்கத்தில் அந்தக் காலணியையும் வைத்தே படமெடுக்கட்டும். யார் யாரை வென்றார்கள் என்பது பார்ப்போருக்கு விளங்கும்.