'இதனால் என்ன பிரயோஜனம்?'

நான், பத்தாவது வரை படித்த, முப்பத்தாறு வயது இல்லத்தரசி. மகன் ஆசைப்பட்டான் என்று, இரண்டு வருடங்களுக்கு முன் கிடார் வாங்கிக் கொடுத்தோம். நாலு மாதம் வகுப்புக்குப் போனான். அப்புறம் அலுத்துப் போய், பீரோ மேல் போட்டு விட்டான். தூசி துடைக்க எடுத்த நான், இன்று அதை வாசிக்கப் பழகிக் கொண்டிருக்கிறேன்!

வாத்தியார் யாரும் இல்லை; மொபைல் போனில் வரும் பாடங்கள் தான். பிளாஸ்டிக் 'பிக்' இல்லாமல், விரல்களாலேயே மீட்டும் 'பிங்கர் ஸ்டைல்' முறை இது. வலது கை கட்டை விரலுக்கு, மேலே உள்ள மூன்று தடித்த கம்பிகள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு, கீழே உள்ள மூன்று மெல்லிய கம்பிகள், ஆளுக்கு ஒன்று. கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம், திரும்ப நடு, ஆள்காட்டி... இந்த ஆறு அடி தான் முதல் பாடம். சுவர்க் கடிகாரத்தின் ஒரு 'டிக்'குக்கு ஒரு அடி வீதம் பழகினேன். கைக்குப் படிய மூன்று வாரம் ஆனது. கம்பியை அழுத்தி அழுத்தி, இடது கை விரல் நுனியெல்லாம் புளி கரைக்கும் போது எரியும். இப்போது காய்த்து விட்டது.

அடுத்த பாடத்தில், கட்டை விரல் இரண்டு தடித்த கம்பிகளில் மாறி மாறி, தாளம் போல விழ வேண்டும். மற்ற விரல்கள் இடையில் புகுந்து வர வேண்டும். பேசிக் கொண்டே பூ கட்டுகிற நமக்கு, இது வராதா என்ன?

விரல் வலியை விட, பேச்சு தான் வலித்தது. 'இந்த வயசுல இதென்ன கூத்து?' என்றார் மாமியார். 'கச்சேரி பண்ணப் போறியா?' என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கணவர் கோபிக்கவில்லை, 'இதனால என்ன பிரயோஜனம்?' என்று மட்டும் கேட்டார். முன்பு தையல் கற்றேன். அப்போது யாரும் இப்படிக் கேட்கவில்லை. நாலு காசு வருமே! ஞாயிறு முழுக்க அவர் கிரிக்கெட் பார்க்கிறார். என்ன பிரயோஜனம் என்று, நான் கேட்டதே இல்லை. வாசிக்கும் மும்முரத்தில், ஒரு நாள் பால் பொங்கி வழிந்தது உண்மை தான். அதிலிருந்து, பாத்திரம் கழுவி முடித்த பின், மத்தியானம் அரை மணி நேரம் மட்டுமே எடுக்கிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த, எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி, சிறுமியாக இருந்த போதே, வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் கிடார் வாங்கி, தானே கற்றுக் கொண்டவர். இடது கைக்காரர் என்பதால், கிடாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். கல்யாணம், குழந்தை என்றான பின், வாசிப்பதையே விட்டு விட்டார். பல வருடம் கழித்து, வேலை பார்த்த வீட்டில் இருந்த கிடாரை எடுத்து மீட்ட, இசைக் குடும்பமான அந்த வீட்டார் அசந்து போயினர். அறுபது வயதைத் தாண்டி, 1958ல் முதல் இசைத்தட்டு. தொண்ணூறு வயதுக்கு மேல், 1985ல் கிராமி விருது! ஆனால், அன்று அவர் கிடாரைத் தொட்டது விருதுக்காக அல்ல, தன் மனசுக்காக.

வீட்டுப் பெரியவர்களே, கணவன்மார்களே... நாங்கள் பணம் கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை. அந்த அரை மணி நேரம், கேலி பேசாமல் இருந்தாலே போதும்.

போன வாரம், என் மகன் அந்தப் பக்கமாகப் போகும் போது, 'அம்மா, கட்டை விரல் லேட்டா விழுது' என்று சொல்லி விட்டுப் போனான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

தோழியரே, உங்கள் வீட்டுப் பரணில் என்ன தூங்குகிறது? இறக்கித் துடைத்துத் தான் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.