பாடும் மீன் வெறும் கட்டுக்கதையா?

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்பது சுற்றுலாவுக்காகக் கட்டிவிட்ட கதை. ஏதும் ஒலி கேட்டால் அது கல்லடிப் பாலத்துத் தூண்களில் நீர் மோதும் சத்தம். எப்படியிருந்தாலும் படிக்காத சனங்களின் மூடநம்பிக்கையைப் பெரிதுபடுத்தலாகாது. இந்த மூன்று வாதங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்காது.

முதல் இரண்டுக்கும் காலக்கணக்கே பதில். இலங்கையின் ஆங்கிலேய அரசில் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1848இல் இரவில் தோணியேறி வாவியின் ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய ஓசை போல நீரின் அடியிலிருந்து அது வந்தது. தோணிப் பலகையில் காதை வைத்தபோது இன்னும் உரத்துக் கேட்டது. அன்று இங்கே சுற்றுலாத் தொழிலும் இல்லை, கல்லடிப் பாலமும் இல்லை. இல்லாத தூணில் எந்த நீர் மோதியது? நூறாண்டு கழித்து, 1950களில், லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவும் செய்தார்.

மூன்றாவது வாதம் இன்னும் பலவீனமானது. தெனன்றிடம் மீனவர்கள் தேவதைக் கதை எதையும் சொல்லவில்லை. ஒலி எழுப்புவது ஊரி என்ற நீர்நத்தைதான் என்று சொல்லி, அதை எடுத்துக் காட்டினார்கள். அந்த விளக்கம் பிழையாகவே இருக்கலாம். ஆனால் யாரும் சோதித்துப் பார்க்கக்கூடிய விளக்கம். மறுபுறம், இந்த இசைக்கு நீரரமகளிரை உரியவராக்கி 'யாழ்நூ'லில் பாடிய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. படிக்காதவர் கற்பனை செய்வார், படித்தவர் ஆராய்வார் என்ற பிரிவினை இந்த வாவிக்கரையில் தலைகீழாகிவிடுகிறது.

கதையைப் போற்றினால் ஆராய்ச்சி முடங்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. ஒலியெழுப்பும் உயிரி எது என்று இன்னும் முடிவாகவில்லை என்பது உண்மை. ஆனால் மழையற்ற மாதங்களில், பூரணையை ஒட்டிய இரவில், துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துக் கேள் என்ற செய்முறையைக் காத்து வந்தது அந்தக் கதைதான். நீரடி ஒலிவாங்கியோடு வரும் ஆய்வாளரும் அதிலிருந்தே தொடங்கவேண்டும். கதையை மதித்த வேறொரு நாட்டையும் பாருங்கள்: அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் தேவதைகள் கூடுமிடம் என்று பெயர்பெற்ற ஒரு முள்மரத்துக்காக 1999இல் எட்டி லெனிஹன் என்ற கதைசொல்லி குரல் கொடுத்தார். மரத்தை வெட்டாமலே நெடுஞ்சாலை போடப்பட்டது. அதனால் அந்நாட்டின் விஞ்ஞானம் கெட்டுவிடவில்லை.

சோதித்துப் பாராமல் முடிவு சொல்வதற்குத்தான் மூடநம்பிக்கை என்று பெயர் என்றால், ஒருநாளும் துடுப்பைக் காதில் வைக்காமல் மறுப்பவர்களுக்கே அது பொருந்தும்.